எந்தக் கைக்கு எந்தப் பலகை?

மூவாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, லட்ச ரூபாயைத் தாண்டியும் போகிறது. கணினியில் வரைவதற்கு ஒரு டேப்லெட் வாங்கக் கிளம்புகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? கொல்கத்தாவிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

கொல்கத்தாவில் கணினிச் சாமான் எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் சாந்தினி சௌக் பக்கம்தான் கை காட்டுவார்கள். மெட்ரோ நிலையத்தின் படியேறி வெளியே வந்தால் சித்தரஞ்சன் அவென்யூ. இ-மால் கட்டடத்தின் உள்ளேயும், சுற்றியுள்ள சந்துகளிலும், நடைபாதையிலும் மடிக்கணினி, ராம், சார்ஜர், கேபிள் என்று கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த அலமாரிகளில் கொஞ்ச காலமாகவே நிரந்தர இடம் பிடித்துவிட்ட பொருள் ஒன்று உண்டு: வரைவதற்கான டேப்லெட். மெல்லிய கறுப்புப் பலகை, கூடவே ஒரு பேனா, அட்டைப் பெட்டியின் மேல் 8192 அல்லது 16384 என்று கொட்டை எழுத்தில் ஓர் எண்.

வாங்க வருகிறவர்களில் பலர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் பொருளும் உயர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. உண்மையில், பெட்டியில் அச்சிட்டிருக்கும் விவரங்களில் வாங்குபவருக்கு மிகக் குறைவாக உதவுவது அதுதான். கை எவ்வளவு தூரம் நகரும், எந்த இயந்திரத்தில் இணைக்கப் போகிறோம், தினமும் என்ன வேலை செய்யப் போகிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கு வீட்டிலேயே விடை எழுதி எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பணம் மிச்சமாகும்.

கோடு வரைந்தே வாழ்ந்த நகரம்

இந்தக் கேள்விகளைக் கேட்க கொல்கத்தாவை விடப் பொருத்தமான ஊர் குறைவு. சத்யஜித் ராய் சினிமாவுக்கு வரும் முன் ஓவியராகத்தான் சம்பளம் வாங்கினார். 1943-இல் டி.ஜே.கீமர் விளம்பர நிறுவனத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மாதம் 80 ரூபாய். சிக்னெட் பிரஸ் பதிப்பகத்துக்கு அவர் வரைந்த அட்டைகள் வங்கப் புத்தகங்களின் முகத்தையே மாற்றின. தாத்தா உபேந்திரகிஷோர் 1913-இல் தொடங்கிய 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழை 1961-இல் மீண்டும் கொண்டுவந்து, அதற்கும் படம் வரைந்தார். படப்பிடிப்புக்கு முன் காட்சிகளைச் சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டில் வரைந்து வைப்பது கடைசி வரை அவர் வழக்கம்.

ஹவுராவின் ஷிப்பூரில் வாழ்ந்த நாராயண் தேப்நாத் 1962-இல் 'ஹாந்தா போந்தா', 1965-இல் 'பாண்டுல் தி கிரேட்', 1969-இல் 'நொண்டே ஃபொண்டே' என்று மூன்று படக்கதைத் தொடர்களைத் தொடங்கி, அரை நூற்றாண்டு போல வரைந்துகொண்டே இருந்தார். கதை, வசனம், படம் எல்லாம் ஒரே கை. 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 ஜனவரியில் மறைந்தார். வங்கத்தில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அவர் கோட்டைப் பார்த்துத்தான் படம் போடப் பழகினார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று திரையில் வரைகிறார்கள். காலேஜ் ஸ்ட்ரீட் பதிப்பகங்களுக்கு அட்டைப்படம் போடுகிறவர், பூஜைப் பந்தலுக்குக் கருப்பொருள் மாதிரி வரைகிறவர், சேலைக் கரைக்கு டிசைன் போடுகிறவர், கல்யாண ஆல்பத்தில் முகங்களைத் திருத்துகிறவர், இணைய வழியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் என எல்லோருக்கும் டேப்லெட் வேண்டியிருக்கிறது. சத்யஜித் ராய் பெயரிலான திரைப்படக் கல்லூரியிலும் சால்ட் லேக்கின் ரூப்கலா கேந்த்ரோவிலும் அனிமேஷன் தனிப் பாடம். தமிழ்நாட்டில் கணினியை ஓவியக் கருவியாகக் கையில் எடுத்த முன்னோடிகளில் ஒருவர் டிராட்ஸ்கி மருது. அவருக்குப் பின் வந்த பத்திரிகை ஓவியர்கள் பலரும் இதே பாதையில் நடக்கிறார்கள். வேலை ஒன்று போல இல்லாதபோது பலகை மட்டும் ஒன்று போல இருக்க முடியாது.

நான்கு வகை, ஒரு பொறி

கடையில் இதே பெயரில் விற்பனையாகும் பொருட்கள் நான்கு வகை. முதல் வகை, திரையில்லாத பென் டேப்லெட். கை பலகையில் நகரும், கோடு கணினித் திரையில் விழும். இரண்டாவது, பென் டிஸ்ப்ளே. பலகையே திரை, பேனா படும் இடத்திலேயே கோடு தெரியும், ஆனால் கணினியோடு இணைத்தால்தான் வேலை செய்யும். மூன்றாவது, தனியாகவே இயங்கும் டேப்: பென்சிலோடு ஐபேட், எஸ் பென்னோடு சாம்சங் போன்றவை.

நான்காவதுதான் பொறி. இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு விற்கும் எல்சிடி எழுதுபலகை. கறுப்பு முகத்தில் பச்சைக் கோடு விழும், பொத்தானை அழுத்தினால் மொத்தமும் அழியும். சின்னப் பிள்ளைகள் கிறுக்கி விளையாட நல்ல பொருள், காகிதமும் மிச்சம். ஆனால் கணினியோடு சேராது, வரைந்ததைச் சேமிக்க முடியாது. இணையக் கடைகளில் 'டிராயிங் டேப்லெட்' என்று தேடினால் இவையும் கலந்தே வரும். பிள்ளைக்கு ஓவிய டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்து இதை வாங்கிய பெற்றோர் ஏமாறுவது இப்படித்தான். யுஎஸ்பி இணைப்பு இருக்கிறதா, டிரைவர் மென்பொருள் தரவிறக்கம் உண்டா என்ற இரண்டைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ரப்பர் முனை வைத்த 'ஸ்டைலஸ்' பேனாவும் அப்படியே. செல்போன் திரையில் விரலுக்குப் பதில் அது தொடுகிறது, அவ்வளவுதான். அழுத்தினால் தடிக்கும் கோடு அதில் வராது.

பேட்டரி இல்லாத பேனா

திரையில்லாத நல்ல டேப்லெட்டின் பேனாவைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது, ஏனென்றால் உள்ளே பேட்டரி கிடையாது. பலகையின் மேல்பரப்புக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கம்பி வலை பரவியிருக்கிறது. அது சிறு காந்தப் புலத்தை எழுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சுருள் அந்தப் புலத்திலிருந்தே சக்தி வாங்கிக்கொண்டு பதில் சமிக்ஞை அனுப்புகிறது. முனையை அழுத்தினால் சமிக்ஞை மாறும். எங்கே, எவ்வளவு அழுத்தம் என்று கணினிக்குத் தெரியும். முனை பலகையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் மிதந்தாலும் திரையில் அம்புக்குறி நகருவது இதனால்தான். பலகைக்குப் பக்கத்தில் காந்தம் வைத்த செல்போன் உறை, ஒலிபெருக்கி போன்றவற்றை வைத்தால் கோடு நடுங்கக்கூடும் என்பதற்கும் இதுவே காரணம்.

இந்த முறையை வளர்த்தெடுத்தது 1983-இல் தொடங்கிய ஜப்பானின் வாக்காம் நிறுவனம். நெடுங்காலம் சந்தை அதன் கையில் இருந்தது. மற்ற கம்பெனிகளின் பேனாவுக்குள் பேட்டரி போட வேண்டியிருந்தது, அல்லது அதைச் சார்ஜ் செய்ய வேண்டியிருந்தது. கடந்த பத்தாண்டில் சீனாவின் ஹுவியன், எக்ஸ்பி-பென், காவ்மோன் போன்றவையும் பேட்டரி இல்லாத பேனாவுக்கு மாறிவிட்டன. இன்றைக்கு மூவாயிரம் ரூபாய்ப் பலகையிலும் அந்த வசதி கிடைக்கிறது. இன்னமும் சார்ஜ் போடும் பேனாவோடு பழைய சரக்கை யாராவது நீட்டினால் வாங்காமல் நகர்ந்துவிடலாம்.

விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. 1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆரம்ப கால டேப்லெட்டின் வரைபரப்பு 10 அங்குலச் சதுரம். விலை 18,000 டாலர். இன்று அதே அகலத்தில் அதைவிடப் பல மடங்கு நுட்பமான பலகையைச் சாந்தினியில் ஐந்தாறாயிரம் ரூபாய்க்குப் பேரம் பேசலாம்.

பெட்டியில் எதைப் படிக்க வேண்டும்?

8192 என்பது பேனா உணரக்கூடிய அழுத்தப் படிகளின் எண்ணிக்கை. 1998-இல் வாக்காமின் முதல் இன்ட்யூவோஸ் வந்தபோது படிகள் 1024. 2009-இல் நான்காம் தலைமுறையில் 2048 ஆனது. 2017-இல் இன்ட்யூவோஸ் ப்ரோவில் 8192. இப்போது 16384 வரை வந்துவிட்டார்கள். 1024 படிகளை வைத்துக்கொண்டே பத்தாண்டுக்கு மேல் உலகமெங்கும் சினிமா ஓவியர்களும் படக்கதைக்காரர்களும் வேலை செய்தார்கள். மனிதக் கை 2048-க்கும் 8192-க்கும் இடையிலான வேறுபாட்டைக் கோட்டில் காட்டுவது மிகக் கடினம். வாக்காமின் தொடக்க நிலைப் பலகையான 'ஒன் பை வாக்காம்' இன்றும் 2048 படிகளோடுதான் வருகிறது; பழகுகிறவருக்கு அது போதும்.

கவனிக்க வேண்டியது வேறு. பேனா எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு தொடங்குகிறது என்பது அழுத்தப் படிகளை விட முக்கியம். மலிவான சில பேனாக்களில் கொஞ்சம் அழுத்திய பிறகுதான் மை இறங்கும். மயிரிழை போன்ற தொடக்கம் வரவே வராது. அடுத்தது சாய்வு. பென்சிலைப் படுக்க வைத்துத் தீற்றுவது போலப் பேனாவைச் சாய்த்தால் தூரிகை அகலமாகும் வசதி இது. நிழல் தீட்டுகிறவர்களுக்குத் தேவை, கணக்கு எழுதும் ஆசிரியருக்குத் தேவையே இல்லை. 'ஒன் பை வாக்காம்' போன்ற அடிப்படை மாடல்களில் அது கிடையாது.

மூன்றாவது, வேலை செய்யும் பரப்பு. பலகையின் மொத்த அளவை விட்டுவிட்டு, பேனா உணரும் பகுதியின் நீள அகலத்தைத்தான் பார்க்க வேண்டும். பெட்டி பெரிதாகவும் பரப்பு சிறிதாகவும் இருக்கும் பலகைகள் உண்டு.

காளிகாட் கோடும் மணிக்கட்டும்

அளவு விஷயத்தில் கொல்கத்தாவின் சொந்த ஓவிய மரபே ஒரு பாடம் வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காளிகாட் கோயிலைச் சுற்றி உட்கார்ந்து யாத்ரீகர்களுக்குப் படம் விற்ற பட்டுவா ஓவியர்கள், ஆலைக் காகிதத்தில் ஒரே வீச்சில் தூரிகையை ஓட்டினார்கள். தோளில் தொடங்கி இடுப்பு வரை இறங்கும் வளைவு ஒரே கோடு. அந்தக் கோடு முழங்கையும் தோளும் சேர்ந்து நகர்ந்தால் வருவது. குமோர்டுலியில் துர்க்கையின் சிலைக்குக் கண் திறக்கும் கலைஞரின் கோடு வேறு மாதிரி. அங்கே கை ஊன்றி நிற்கும், விரல்கள் மட்டும் அசையும்.

டேப்லெட் வாங்குகிறவர் தன் கை இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சுமார் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் உள்ள சிறிய பலகை மணிக்கட்டுக்காரர்களுக்கு. புகைப்படம் திருத்துவது, கையெழுத்து, சிறு உருவங்கள், கார்ட்டூன் எல்லாம் அதில் வசதியாக நடக்கும். பைக்குள் மடிக்கணினியோடு சேர்ந்தே போகும். சுமார் 10 அங்குலத்துக்கு 6 அங்குலம் உள்ள நடுத்தரப் பலகை முழங்கையை நகர்த்தி வரைகிறவர்களுக்கு. காகிதத்தில் ஏற்கெனவே ஓவியம் பழகியவர் சிறிய பலகையை வாங்கினால், கை பழகிய வீச்சு அடைபட்டு, 'கணினியில் எனக்கு வரவில்லை' என்று ஒதுங்கிவிடும் அபாயம் இருக்கிறது. அவர்களுக்கு நடுத்தரம்தான் சரி.

திரையின் அளவும் கணக்கில் உண்டு. 24 அங்குல மானிட்டரோடு 6 அங்குலப் பலகையை இணைத்தால், கை ஓர் அங்குலம் நகரும்போது திரையில் கோடு மூன்று அங்குலத்துக்கு மேல் ஓடும். சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும். 14 அங்குல மடிக்கணினியில் அதே பலகை அடக்கமாக வேலை செய்யும்.

திரை உள்ளதா, இல்லாததா?

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மனத்தில் ஆசைப்படுவது திரை உள்ள பென் டிஸ்ப்ளேயைத்தான். முனை படும் இடத்திலேயே கோடு விழுவதால், காகிதத்திலிருந்து வருகிறவருக்கு அன்றைக்கே பழகிவிடும். அனிமேஷனில் நாளெல்லாம் சட்டகம் சட்டகமாக வரைகிறவருக்கு அது பெரும் உதவி. ஆனால் விலை திரையில்லாத பலகையைப் போல ஐந்தாறு மடங்கு. சீன நிறுவனங்களின் 12, 13 அங்குல டிஸ்ப்ளேக்கள் சுமார் 20,000 ரூபாயில் தொடங்குகின்றன. வாக்காமின் சின்டிக் வரிசைக்கு அரை லட்சத்தை எடுத்து வைக்க வேண்டும்.

விலையோடு முடிவதில்லை. ஸ்டாண்டு இல்லாமல் மேசையில் படுக்க வைத்து வரைந்தால் ஒரே வாரத்தில் கழுத்து வலிக்கும். திரைக் கண்ணாடிக்கும் உள்ளே படம் தெரியும் அடுக்குக்கும் நடுவே இடைவெளி இருந்தால், முனைக்கும் கோட்டுக்கும் சிறு விலகல் தெரியும். இரண்டையும் ஒட்டித் தயாரித்த 'ஃபுல் லேமினேஷன்' திரைகளில் அது குறைவு. இணைப்பு விவகாரம் இன்னும் முக்கியம். டிஸ்ப்ளேக்கு எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, மின்சாரம் என மூன்றும் வேண்டும். 'ஒரே டைப்-சி கேபிள் போதும்' என்று பெட்டி சொல்லும், ஆனால் மலிவு விலை மடிக்கணினிகள் பலவற்றின் டைப்-சி துளை வழியாகப் படம் போகாது. வாங்கும் முன் மடிக்கணினியின் மாடல் எண்ணை வைத்து இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

திரையில்லாத பலகைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். கை கீழே, கண் மேலே என்பது முதலில் குழப்பும். பழகிவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து வரையலாம், கையே படத்தை மறைக்காது. மென்பொருளுக்கும் பெரிய செலவு தேவையில்லை. பிரான்ஸ் ஓவியர் டேவிட் ரெவுவா 2014-இலிருந்து 'பெப்பர் அண்ட் கேரட்' என்ற படக்கதையை முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் வரைந்து, எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறார். அவர் வரையும் கிரிட்டா மென்பொருளைச் சாந்தினியில் மூவாயிரம் ரூபாய்ப் பலகை வாங்குகிற கல்லூரி மாணவியும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஃபோட்டோஷாப்புக்கு மாதாமாதம் கட்டும் சந்தா ஓராண்டுக்குள்ளேயே இந்தப் பலகையின் விலையைத் தாண்டிவிடும் என்பதையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எது?

ஆசிரியர்களுக்கு: சிறிய திரையில்லாத பலகை, 2,500 முதல் 4,000 ரூபாய் வரை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இந்தியா முழுக்க ஆசிரியர்கள் தேடி வாங்கியது இந்த வகையைத்தான். இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. கான் அகாடமியைத் தொடங்கிய சல்மான் கானின் தாயார் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தைச் சேர்ந்தவர். 2004-இல் அமெரிக்காவில் இருந்தபடி தூரத்து ஊரில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோது, யாஹூவின் கிறுக்கல் பலகையைத்தான் அவர் பயன்படுத்தினார். 2006-இல் யூடியூப்பில் பாடம் ஏற்றத் தொடங்கினார். கறுப்புத் திரையில் வண்ணக் கோடுகளால் எழுதிய அந்தப் பாடங்களுக்குச் சாதாரணப் பென் டேப்லெட்டே போதுமானதாக இருந்தது. பாடம் நடத்த முகம் காட்டும் விலையுயர்ந்த கேமரா தேவைப்படவில்லை. நல்ல மைக்கும் ஒரு பேனாவும் போதும். ஆகவே ஆசிரியரிடம் எட்டாயிரம் ரூபாய் இருந்தால், பாதியைப் பலகைக்கும் பாதியை மைக்குக்கும் ஒதுக்கலாம்.

புகைப்படக்காரர்களுக்கு: எஸ்பிளனேடு பக்கம் மெட்ரோ சந்தில் கேமரா வாங்குகிறவர் லென்சுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை, ஆனால் முகத் திருத்தத்தை இன்னமும் மவுசில் செய்கிறார். சிறிய பலகை ஒன்றே அவர் நேரத்தைக் கணிசமாகக் குறைக்கும். மணிக்கட்டு வலியும் குறையும்.

அட்டைப்படம், படக்கதை, துணி டிசைன் போடுகிறவர்களுக்கு: நடுத்தர அளவு, சாய்வு வசதியோடு, 5,000 முதல் 10,000 வரை. பக்கவாட்டில் சில பொத்தான்கள் இருந்தால் 'அன்டூ', 'ஜூம்' போன்றவற்றை அதில் வைத்துக்கொள்ளலாம். அச்சுக்குப் போகிற வேலை என்றால் மிச்சப் பணத்தை மானிட்டரில் போடுவது உத்தமம். நிறம் சரியாகக் காட்டாத திரையில் தீட்டிய மஞ்சள், அச்சாகி வரும்போது வேறு நிறமாக நிற்கும். எஸ்ஆர்ஜிபி நிறப் பரப்பை 100 சதவீதத்தை ஒட்டிக் காட்டும் மானிட்டரா என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவு விலை மடிக்கணினித் திரைகள் பலவும் அதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

அனிமேஷன் மாணவர்களுக்கு: முதல் ஆண்டில் நடுத்தரப் பலகை. படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் கட்டத்தில், சம்பாதித்த பணத்தில் 16 அங்குல டிஸ்ப்ளே. கடன் வாங்கி முதல் நாளே பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

பயணத்திலேயே வரைகிறவர்களுக்கு: தனித்து இயங்கும் டேப். சாம்சங்கின் எஸ் பென்னும் வாக்காமின் பேட்டரி இல்லாத முறையில்தான் இயங்குகிறது. 'டேப் எஸ்6 லைட்' போன்ற மாடல்களில் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது. ஐபேடுக்குப் பென்சில் தனிச் செலவு. ஒருமுறை பணம் கட்டினால் போதும் என்ற 'ப்ரோகிரியேட்' செயலி ஐபேடில் மட்டுமே ஓடும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. தூரிகை இழுத்து இரண்டு விநாடி கழித்துக் கோடு வந்தால் பெரும்பாலும் குற்றம் பலகையின் மேல் இல்லை. பெரிய தூரிகையும் பல அடுக்குகளும் கணினியின் நினைவகத்தைத் தின்கின்றன. 4 ஜிபி ராம் உள்ள மடிக்கணினிக்கு முப்பதாயிரம் ரூபாய் டிஸ்ப்ளே வாங்குவதைக் காட்டிலும், அதே சாந்தினியில் ராமை 8 அல்லது 16 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டி மாற்றி, நாலாயிரம் ரூபாய்ப் பலகையோடு வீடு திரும்புவது புத்திசாலித்தனம்.

கடையில் ஐந்து நிமிடச் சோதனை

மடிக்கணினியையும் ஓர் அடி ஸ்கேலையும் பையில் எடுத்துச் செல்ல வேண்டும். கிரிட்டாவை முன்பே நிறுவி, வாங்க நினைக்கும் மாடலின் டிரைவரையும் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி வைத்திருக்க வேண்டும்.

ஸ்கேலைப் பலகையின் மேல் குறுக்குச் சாய்வாக வைத்து, பேனாவை மிக மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் எல்லாப் பலகையும் நேர்கோடு போடும். மெதுவாக இழுக்கும்போது கோடு பாம்பு போல நெளிந்தால் அந்தப் பலகை மெல்லிய வேலைக்கு உதவாது.

அடுத்து, ஒரு நாணயத்தைப் பலகையில் வைத்துச் சுற்றி வரைய வேண்டும். திரையில் வட்டம் நீள்வட்டமாக விழுந்தால் பயப்பட வேண்டாம். பலகையின் நீள அகல விகிதம் திரையோடு ஒத்துப்போகவில்லை என்பதே பொருள். டிரைவர் அமைப்பில் விகிதத்தைப் பூட்டும் வசதியை இயக்கினால் வட்டம் வட்டமாகிவிடும். பலர் இது தெரியாமலே மாதக்கணக்கில் முகங்களை அகலமாக வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

பிறகு பேனாவின் எடை மட்டும் இறங்கும்படி, அழுத்தாமல் ஒரு கோடு. கோடு விழுகிறதா? மெல்லத் தொடங்கி அழுத்திக்கொண்டே போகும் ஒரு கோடு. திடீரென்று தடிக்காமல் படிப்படியாகத் தடிக்கிறதா? நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு புள்ளி. கடைசியாக, கேபிள் செருகும் துளையை மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். டேப்லெட்டுகள் பழுதாகி வரும் காரணங்களில் தளர்ந்துபோன அந்தத் துளையும் ஒன்று. கழற்றக்கூடிய டைப்-சி கேபிள் உள்ள மாடல் நல்லது.

இடது கைப் பழக்கம் உள்ளவர் பலகையைத் தலைகீழாகத் திருப்பி, டிரைவரில் 180 பாகை சுழற்சியைத் தேர்ந்தால் பொத்தான்கள் மறுபக்கம் வந்துவிடும். அந்த வசதி இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டியைப் பிரிக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் விதியைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். ஜிஎஸ்டி பில்லும், அதில் சீரியல் எண்ணும் இல்லாமல் உத்தரவாதம் கேட்டுப் போக முடியாது. நூறு இருநூறு ரூபாய் குறைகிறதென்று பில் இல்லாமல் வாங்கியவர்கள் பின்னால் படும் அலைச்சல் அதிகம்.

வாங்கிய பிறகு

பழைய டேப்லெட்டின் டிரைவர் கணினியில் இருந்தால் அதை முழுவதுமாக நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ வேண்டும். இரண்டு டிரைவர்கள் ஒன்றாக இருந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போவது வழக்கம். வரைபலகை கெட்டுவிட்டது என்று கடைக்குத் திரும்பி வருகிறவர்களில் சிலருக்குப் பிரச்சினை இவ்வளவுதான்.

பேனாவின் நிப் தேயும். சொரசொரப்பான மேல்பரப்பு காகிதம் போன்ற உணர்வைத் தருகிறது, ஆனால் பிளாஸ்டிக் முனையை வேகமாகத் தின்றுவிடுகிறது. புதிதில் உருண்டையாக இருக்கும் முனை, சில மாதத்தில் ஒரு பக்கம் சாய்வாகத் தட்டையாகி, விளிம்பு கூர்மையாகும். அதற்குப் பின் அது பலகையைக் கீறத் தொடங்கும். விரலால் தடவி விளிம்பு தட்டுப்பட்டால் மாற்றிவிட வேண்டும். பெட்டியில் சில உபரி நிப்களும், பழையதைப் பிடித்து இழுக்க ஒரு சிறு வளையமும் இருக்கும். அந்த மாடலுக்கு நிப் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் அன்றே கேட்டுவிடுவது நல்லது. பேனா தொலைந்தால் மாற்றுப் பேனா பலகை விலையில் பாதி வரைகூட ஆகலாம்.

கொல்கத்தாவின் ஜூன், ஜூலைப் புழுக்கத்தில் உள்ளங்கை பலகையோடு ஒட்டிக்கொள்ளும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறை அதற்குத்தான். சில பெட்டிகளில் இலவசமாகவே வருகிறது. இல்லாவிட்டால் பழைய பருத்திக் கையுறையில் மற்ற மூன்று விரல்களை வெட்டிவிட்டால் போயிற்று.

கணினி இல்லாத வீட்டுக்கு

மேற்கு வங்க அரசு 'தருணேர் ஸ்வப்ன' திட்டத்தின் கீழ், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு டேப் அல்லது செல்போன் வாங்க 10,000 ரூபாய் தருகிறது. கொரோனா காலத்தில் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய திட்டம், பின்னர் 11-ஆம் வகுப்புக்கு மாறியது. இதனால் மடிக்கணினி இல்லாத பல வீடுகளிலும் ஓர் ஆண்ட்ராய்டு கருவி இருக்கிறது. ஓவியத்தில் ஆசை உள்ள பிள்ளைக்கு அதுவே தொடக்கம். பெட்டியில் 'ஆண்ட்ராய்டு' என்று தெளிவாக அச்சிட்ட சிறிய பலகை, அதைச் செல்போனில் செருக ஓர் ஓடிஜி இணைப்பான், ஐபிஸ் பெயின்ட் போன்ற இலவசச் செயலி ஆகிய மூன்றும் சேர்ந்தால் அழுத்தத்துக்குத் தடிக்கும் கோடு செல்போனிலேயே வரும். செல்போனில் இணைக்கும்போது சில மாடல்களில் பலகையின் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்யும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்; நாளைக்கு மடிக்கணினி வரும்போது முழுப் பரப்பும் திறந்துகொள்ளும்.

மூவாயிரம் ரூபாயும் முடியாத வீடுகளுக்கு அக்கம்பக்கத்துக் கிளப்புகள் இருக்கின்றன. கொல்கத்தாவில் பாடா எனப்படும் அக்கம்பக்கங்களின் கிளப்புகள் 'போஷே ஆங்கோ' என்று பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து ஓவியப் போட்டி நடத்துவது நீண்ட நாள் வழக்கம். கிரேயான் டப்பாவும் சான்றிதழும் பரிசாகத் தரும் அதே கிளப், இரண்டு சிறிய பலகைகளையும் இரண்டு பழைய மடிக்கணினிகளையும் வாங்கிப் பொது அறையில் வைக்க முப்பது முப்பத்தைந்தாயிரம் ரூபாய் போதும். வார இறுதியில் ஆளுக்கு அரை மணி என்று முறை வைத்தால், ஒரு பாடாவின் இருபது பிள்ளைகள் தங்கள் கை சிறிய பலகைக்கு ஏற்றதா, பெரியதைக் கேட்கிறதா என்பதைப் பெற்றோர் பணம் செலவழிக்கும் முன்பே தெரிந்துகொள்வார்கள். பூஜைக் கணக்கு பார்க்க அடுத்த முறை கூடும் கூட்டத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.